அழுக்கு வேறு, தீட்டு வேறு

ஊரில் ஒரு பங்காளி இறந்துவிடுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்குத் தொலைபேசியில் செய்தி போகிறது. அவர் இறந்தவரை நேரில் பார்த்துப் பல ஆண்டுகள் இருக்கும். சாவு வீட்டுக் காற்றுகூட அவர்மேல் பட்டதில்லை. ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் தலைக்குக் குளிக்கிறார். காரியம் முடியும்வரை கோயிலுக்குப் போவதில்லை, பண்டிகை கொண்டாடுவதில்லை. அதே சாவு வீட்டில் ஒரு மகள் இருப்பார். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவருக்கு மலமும் மூத்திரமும் எடுத்து, புண்ணைத் துடைத்து, உயிர் போன பிறகு உடலைக் குளிப்பாட்டியவர். ஆனால் கட்டிக்கொடுத்த பெண் என்பதால் அவருக்குத் தீட்டு மூன்று நாள்தான் என்று வைத்திருக்கும் சமூகங்கள் உண்டு.

தொற்றுநோய்க் கணக்குப்படி பார்த்தால் இது தலைகீழ். உடலோடு புழங்கியவருக்குக் குறைவாகவும், கடல் தாண்டி இருப்பவருக்கு அதிகமாகவும் ஒட்டுகிற கிருமி எதுவும் உலகில் இல்லை. அப்படியானால் சிங்கப்பூர்க்காரர் எதைக் கழுவினார்? இறப்பு ஒரு குடும்பத்தை வழக்கமான வாழ்க்கையிலிருந்து சில நாள் விலக்கி வைக்கிறது. அந்த விலக்கத்துக்குள் போகும்போது ஒரு குளியல், அதிலிருந்து வெளியே வரும்போது ஒரு குளியல். அவ்வளவுதான். தோலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சுத்தத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சோப்பால் போகிற அழுக்கு ஒன்று; சடங்கால் கழிகிற தீட்டு இன்னொன்று. இவை இரண்டுக்கும் அப்பால் மனத்தின் மாசு என்று மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. தண்ணீர் மூன்று இடத்திலும் வருவதால்தான் இத்தனை குழப்பம்.

முதலில் அழுக்கு. அது என்ன என்று சொல்வதே அவ்வளவு எளிதல்ல. மானத்தைப் பற்றிப் பேசும் குறளில் வள்ளுவர் ஓர் உதாரணம் காட்டுகிறார்: ‘தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை.’ தலையில் இருக்கும்வரை எண்ணெய் தடவி, சீவி, பூ வைத்துக் கொண்டாடுகிற அதே மயிர், சாம்பாரில் கிடந்தால் தட்டையே தள்ளிவிடுகிறோம். மயிர் மாறவில்லை, இடம் மாறியிருக்கிறது. பிரிட்டிஷ் மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966ஆம் ஆண்டில் எழுதிய நூலில் அழுக்கை விளக்கியதும் இந்த வழியில்தான்: தன் இடத்தில் இல்லாத பொருளே அழுக்கு. வயலில் மண், கூடத்தில் அழுக்கு. வாய்க்குள் இருக்கிற எச்சிலை நாள் முழுக்க விழுங்குகிறோம். அதையே ஒரு டம்ளரில் துப்பிவிட்டு மறுபடி குடிக்கச் சொன்னால் யாரும் குடிக்க மாட்டார்கள். அழுக்கு என்பதில் பாதி நாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கு.

மீதிப் பாதிக்கு நம் ஒழுங்கைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நம்மைக் கேட்டுக்கொண்டு உட்காருவதில்லை. அதற்குத் தேவை வேதியியல்.

எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீரில் கரையாது. கிருமிகளில் பல அந்தப் பிசுக்கோடுதான் தோலில் ஒட்டியிருக்கின்றன; சில வைரஸ்களுக்கு வெளி உறையே கொழுப்பால் ஆனது. சோப்பின் மூலக்கூறு விசித்திரமானது. அதன் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய் முனைகள் பிசுக்கைச் சூழ்ந்து குத்தி நிற்க, தண்ணீர் முனைகள் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். இப்படிச் சிறு சிறு உருண்டைகளாக மூடப்பட்ட பிசுக்கைத் தண்ணீர் எளிதாக அடித்துக்கொண்டு போய்விடும். கொழுப்பு உறை கொண்ட வைரஸாக இருந்தால் சோப்பு அந்த உறையையே கிழித்துவிடும். இதற்கு நேரமும் தேய்ப்பும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கை கழுவுவதற்கு 40 முதல் 60 விநாடி என்று சொல்வது அதனால்தான். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் ஆகிய மூன்றையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலிலும் இதே வேலைதான் நடக்கிறது. சீயக்காயில் உள்ள சபோனின் தண்ணீரில் நுரைத்து, தலையில் தேய்த்த நல்லெண்ணெயைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. சலவைத் தொழிலாளர்கள் சோப்பு வருவதற்கு முன்பு உவர்மண்ணைப் பயன்படுத்தினார்கள். உவர்மண் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, வெள்ளாவிப் பானையில் அடுக்கி, இரவெல்லாம் நீராவியில் வேகவிடுவார்கள். உவரில் இருக்கும் காரம் துணியில் ஏறிய வியர்வைக் கொழுப்போடு சேர்ந்து அங்கேயே சோப்பாக மாறும். விடிந்ததும் ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசினால் வெள்ளைத் துணி வெளுத்துவிடும். வேதியியல் என்ற பாடம் படிக்காமல் வேதியியல் செய்தவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கண்ணுக்கும் மூக்குக்கும் சுத்தமாகத் தெரிகிற கை உண்மையில் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது பெரும் விலை கொடுத்துத்தான். 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேறுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மருத்துவர்கள் பார்த்த பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலால் அதிகப் பெண்கள் இறந்தார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணம் தெரியாமல் திண்டாடினார். 1847ஆம் ஆண்டில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி பட்டு, அதே காய்ச்சலின் அறிகுறிகளோடு இறந்துபோனார். செம்மல்வைஸுக்கு அங்கேதான் பொறி தட்டியது. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் பிண வாடை போவதில்லை. வாடையைப் போக்கவல்ல குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு, சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது.

இவ்வளவு தெளிவான பலன் கிடைத்தும் மூத்த மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. நோயைப் பரப்புவது கிருமி என்ற கொள்கை அப்போது இன்னும் வரவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் சார்லஸ் மெய்க்ஸ் பெயரில் வழங்கும் ஒரு வாசகம் அப்பட்டமாகக் காட்டுகிறது: மருத்துவர்கள் கனவான்கள், கனவான்களின் கைகள் சுத்தமானவை. நல்ல குடும்பத்தில் பிறந்தவன் கையில் அழுக்கு எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. படித்த மேல்நாட்டு மருத்துவர்களும் அழுக்கையும் அந்தஸ்தையும் குழப்பிக்கொண்டவர்கள்தாம்.

இனி சடங்குச் சுத்தம். இதைப் புரிந்துகொள்ள இஸ்லாமியரின் ஒளுவை விடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தொழுகைக்கு முன் பள்ளிவாசல் தொட்டியருகே அமர்ந்து மணிக்கட்டு வரை கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்து, மூக்குக்கு நீர் செலுத்திச் சுத்தம் செய்து, முகம் கழுவி, முழங்கை வரை கைகளைக் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவி, கணுக்கால் வரை கால்களைக் கழுவுவது ஒளு. பார்ப்பதற்கு நல்ல சுகாதாரப் பழக்கம். அப்படியும் பயன்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒளு எதனால் முறிகிறது என்று பாருங்கள். காற்றுப் பிரிந்தால் முறிகிறது. ஆழ்ந்து தூங்கிவிட்டால் முறிகிறது. காற்றுப் பிரிந்ததற்கு முகத்தையும் முழங்கையையும் ஏன் கழுவ வேண்டும் என்று சுகாதார அதிகாரியிடம் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. கையில் சேறு பட்டால் ஒளு முறிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேற்றைக் கழுவினால் போதும்.

தண்ணீரே கிடைக்காதபோது, அல்லது தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்ற நிலையில், தயம்மும் செய்யலாம் என்று குர்ஆன் அனுமதிக்கிறது. தூய மண்ணில் கைகளைப் பதித்து, முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்வது. மண்ணால் சுத்தமாவது! அழுக்கைப் போக்குவதுதான் நோக்கம் என்றால் இது அபத்தம். இறைவன் முன்னால் நிற்கப் போகிறேன் என்று உடம்பையும் மனத்தையும் அந்தப் பக்கம் திருப்புவது நோக்கம் என்றால் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. அதனால்தான் ‘நிய்யத்’ எனப்படும் எண்ணத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

யூதர்களின் மிக்வே இன்னும் ஒரு படி மேலே போகிறது. மழைநீரோ ஊற்றுநீரோ இயல்பாகச் சேர்ந்த குளத்தில் முழுவதுமாக மூழ்கி எழும் சடங்கு அது. அந்தக் குளத்தில் இறங்குவதற்கு முன்பே சோப்புப் போட்டுக் குளித்து, தலைமுடியைச் சிக்கெடுத்து, நகப்பூச்சை அகற்றி, மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். தோலுக்கும் தண்ணீருக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. ஆக, அழுக்கை நீக்கிய பிறகுதான் சடங்குச் சுத்தமே தொடங்குகிறது. இரண்டையும் இவ்வளவு கறாராகப் பிரித்து வைத்த ஏற்பாடு வேறு எனக்குத் தெரியாது.

நம் பக்கத்தில் ராமேஸ்வரத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அக்னி தீர்த்தம் எனப்படும் கடலில் மூழ்கி எழுகிறார்கள். உப்பும் மணலுமாக ஈரத் துணியோடு கோயிலுக்குள் நுழைந்து, வரிசையாக 22 தீர்த்தங்களுக்குப் போகிறார்கள். கிணற்று மேட்டில் நிற்பவர் கயிறு கட்டிய வாளியை இறக்கி, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து, நிற்பவர்கள் தலையில் ஊற்றுகிறார். மூச்சு முட்டும். அடுத்த கிணறு. பிராகாரம் முழுக்க வழுக்குகிறது. கிழவிகள் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். யாரும் தேய்த்துக் குளிப்பதில்லை, சோப்பு என்ற பேச்சே கிடையாது. 22 முடிந்ததும் ஈரத்தைக் களைந்து உலர்ந்த உடை மாற்றிக்கொண்டு ராமநாத சுவாமியைப் பார்க்கப் போகிறார்கள். ராவணனைக் கொன்ற பழி நீங்க ராமர் லிங்கம் வைத்து வணங்கிய இடம் என்பது ஊர் வரலாறு. வந்தவர்களும் ஏதோ ஒரு பாரத்தோடு வந்தவர்கள். தண்ணீர் தலையில் விழும்போது அது இறங்குவதாக உணர்கிறார்கள். அந்த உணர்வைச் சோதனைக் குழாயில் பிடித்து அளக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அளந்து பார்த்துவிட்டதாகச் சொல்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்திகளை எல்லோரும் பார்த்திருப்போம். வாசலில் சாணம் தெளிப்பது கிருமிநாசினி, சாவு வீட்டுக் குளியல் தொற்றுத் தடுப்பு, தீட்டு என்பது அந்தக் காலத்துத் தனிமைப்படுத்தல். முன்னோர்களை உயர்த்துவதாக நினைத்து இவர்கள் செய்வது வேறு. சடங்குக்குத் தனக்கென்று ஒரு பொருள் இருக்கிறது என்பதையே நம்பாமல், அதற்கு ஆய்வகச் சான்றிதழ் வாங்கித் தர முயல்கிறார்கள். அந்தச் சான்றிதழ் முதல் கேள்வியிலேயே கிழிந்துவிடும்; பங்காளித் தீட்டு கடல் கடந்து எப்படித் தொற்றியது என்று கேட்டால் போதும். இறந்தவரின் வீட்டார் சில நாள் வேலை வெட்டியை விட்டு, விசேஷங்களைத் தள்ளிவைத்து, துக்கத்தோடு இருக்கட்டும் என்று ஒரு சமூகம் வகுத்துக்கொண்டதற்குக் கிருமியின் துணை வேண்டியதில்லை.

மூன்றாவது, மனத்தின் மாசு. இதைப் பொறுத்தவரை தண்ணீரால் ஆகாது என்று தண்ணீர்ச் சடங்குகளை வைத்திருக்கும் மரபுகளே சொல்லிவிட்டன. ‘கங்கை யாடிலென் காவிரி யாடிலென்’ என்று அப்பர் கேட்டார். எங்கும் ஈசன் இருக்கிறான் என்று உணராதவர்க்குக் குமரித்துறையில் ஆடியும் பயனில்லை என்றார். ஊர் ஊராகப் போய்த் தலங்களைப் பாடியவர் சொன்னது என்பதால் இதற்குக் கனம் அதிகம். சீடர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று யூதச் சட்டத்தைக் கறாராகப் பின்பற்றிய பரிசேயர்கள் குற்றம் சாட்டியபோது, மனிதனுக்குள்ளே போவது அவனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளிருந்து புறப்படுவதே தீட்டுப்படுத்தும் என்று இயேசு பதில் சொன்னதை மாற்கு எழுதியிருக்கிறார். ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும் பேதுருவின் நிருபம் அது ‘மாம்ச அழுக்கை நீக்குதல்’ அல்ல என்று தனியாகவே குறித்துவிடுகிறது. வள்ளுவர் புறத்தூய்மைக்கு நீரையும் அகத்தூய்மைக்கு வாய்மையையும் ஒதுக்கி இரண்டையும் ஒரே குறளில் பிரித்துவைத்தார்.

பிறகு உள்ளே எதைக் கொண்டு கழுவுவது? இதில் மரபுகள் சொல்வது வியப்பூட்டும் அளவுக்கு நடைமுறை சார்ந்தது. இஸ்லாத்தில் தவ்பா, அதாவது பாவத்திலிருந்து மீளுதல், என்றால் தவறை நிறுத்த வேண்டும், வருந்த வேண்டும், திரும்பச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். பிறருடைய உரிமையைப் பறித்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். யூதர்களின் பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூர் கடவுளுக்கு எதிரான தவறுகளைத்தான் தீர்க்கும். அடுத்த மனிதனுக்குச் செய்த தவறு, அவனிடம் போய்ச் சமாதானம் ஆகும்வரை தீராது என்பது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் விதி. அடுத்தவன் வரப்பைத் தள்ளிப்போட்டு நிலத்தைச் சேர்த்துக்கொண்டவன் எத்தனை தீர்த்தம் ஆடினாலும் வரப்பு அங்கேயேதான் இருக்கும்.

இந்த மூன்றும் தன் தன் இடத்தில் இருக்கும்வரை யாருக்கும் கெடுதலில்லை. தீட்டை ஆளின் மேல் நிரந்தரமாக ஏற்றி, அதை அழுக்கு என்று அழைக்கத் தொடங்கும்போதுதான் கொடுமை பிறக்கிறது. சாவுத் தீட்டு கழிந்துவிடும், அதற்கு நாள் கணக்கு உண்டு. பிறப்பினால் ஒருவர் தலையில் ஏற்றப்படும் தீட்டுக்கு நாள் கணக்கே கிடையாது. எந்தச் சோப்பும் எந்தத் தீர்த்தமும் அதைப் போக்காது. போகக் கூடாது என்பதற்காகவே ஏற்றப்பட்டது அது.

இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள மகாத் என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே சவதார் குளம் என்று ஒரு பொதுக்குளம். அதை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி 1924ஆம் ஆண்டிலேயே தீர்மானம் போட்டும், தீண்டாதார் எனப்பட்டவர்களால் அதில் இறங்க முடியவில்லை. மாடு குடித்தது, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஊர்வலமாக மக்களை அழைத்துச் சென்று அந்தக் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். கூட்டத்துக்கு வந்தவர்களை அதன் பிறகு அடித்தார்கள். அடித்ததோடு விடவில்லை, குளம் தீட்டுப்பட்டுவிட்டதே! பால், தயிர், பசுஞ்சாணம், கோமியம் ஆகியவற்றை 108 பானைகளில் கலந்து, மந்திரம் ஓதிக் குளத்தில் அமிழ்த்தி அதைச் ‘சுத்தம்’ செய்தார்கள். குடிக்கிற தண்ணீரில் சாணத்தைக் கரைத்தால் குளம் சுத்தமாகும், மனிதன் கை பட்டால் அசுத்தமாகும். அழுக்கும் தீட்டும் ஒன்றுதான் என்று யாராவது வாதிட்டால் இந்த 108 பானைகளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அந்தக் குளத்தை யார் பயன்படுத்தலாம் என்ற வழக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீண்டாதார் பக்கம் தீர்ப்பளித்தது.

வெள்ளாவி வைத்தவர்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஊர்த் துணியை வெளுத்தவர்கள், பிள்ளை பெற்ற வீட்டுத் துணியையும் மாதவிடாய்த் துணியையும் துவைத்துத் தந்தவர்கள் தாழ்ந்தவர்களாக வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் கீழே, தாழ்த்தப்பட்டவர்களுக்குத் துணி துவைத்த புதிரை வண்ணார்கள் இருந்தார்கள். திருநெல்வேலி வட்டாரத்தில் அவர்கள் பகலில் பிறர் கண்ணில் படவே கூடாது என்றும், இரவில் வெளியே வந்து வேலை பார்த்துவிட்டு விடியுமுன் திரும்பிவிட வேண்டும் என்றும் 1932ஆம் ஆண்டுப் பத்திரிகைச் செய்தி ஒன்று பதிவு செய்திருக்கிறது. அழுக்கை உண்டாக்கியவர் சுத்தமானவர், அதை எடுத்தவர் அசுத்தமானவர். கைகள் சுத்தமானவை என்ற கனவான்களின் வாதத்துக்கு நம் ஊர்ப் பதிப்பு இதுதான்.

இது பழங்கதை அல்ல. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது. மனிதர் கையால் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும், அதைவிடக் கடுமையான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலை வந்ததே, சாவு நிற்கவில்லை என்பதால்தான். உள்ளே இறங்குபவரைக் கொல்வது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்கள். முதலாமவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாமவரும் விழுகிறார். கழிவை உறிஞ்சும் லாரியும், அடைப்பை நீக்கும் இயந்திரமும் சந்தையில் இருக்கின்றன. தொட்டிக்குள் இறங்கக் கூப்பிட்டால் வருவதற்கு இன்ன தெருவில் ஆள் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருக்கும்வரை, அவற்றை வாங்குவதற்கான கோப்பு மெதுவாகத்தான் நகரும்.